பின்தங்கி வந்த குரல்

மயிலாத்தாளின் புருசன் நஞ்சையனுக்குக் குரல் பின்தங்க ஆரம்பித்தது பொன்னாங்காட்டுவலசில் மாகாளியம்மன் திருவிழாவுக்கு, அந்தப் பக்கத்துப் பேச்சில் நோம்பிக்கு, நாள் சாட்டியிருந்த ஒரு பங்குனி மாதத்தில். உடுக்கையடித்துக் கதை பாடுவதில் தாராபுரத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேரெடுத்திருந்த மனுசன், கோயில் வாசலில் நின்று, உடுக்கையை முடுக்கி, கண்ணை மூடி, வாயைத் திறந்து அம்மனை அழைத்தார். உடுக்கைச் சத்தம் வந்தது, கூட்டாளி குப்பண்ணனின் பம்பைச் சத்தம் வந்தது, நஞ்சையனின் கழுத்து நரம்பு புடைத்தது, வாய் ஏறி இறங்கியது, குரல் மட்டும் வரவில்லை. மைக் செட்டில் கோளாறு என்று நினைத்த ஊர்க்காரர்கள் மைக் செட்டுக்காரருக்கு நாலு சாத்துப் போட்டார்கள். அவர் அழுதுகொண்டே ஒயரைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். கடைசியில் நஞ்சையன் உடுக்கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார், கூட்டம் கலைந்துவிட்டது, பூசாரி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். அப்போது, ஆளே இல்லாத அந்த இடத்திலிருந்து, ஓர் ஆள் உயரத்தில், நஞ்சையனின் குரல் அம்மனை அழைக்க ஆரம்பித்தது.

பூசாரி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, "பாட்டு வந்துபோட்டுதுங்கோ, வாங்கோ" என்று தெருவில் கூவிக்கொண்டு ஓடினார். போனவர்களெல்லாம் திரும்பி வந்து, பாயை மறுபடி விரித்து உட்கார்ந்து, வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே பாட்டை முழுசாகக் கேட்டார்கள். நல்ல பாட்டு என்றார்கள். மைக் செட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு சொம்பு பானகம் கொடுத்தார்கள்.

அதே நேரம் வீட்டில் நஞ்சையன் நடையில் நின்று தண்ணீர் கேட்டார். வாய் அசைந்ததே தவிரச் சத்தமில்லை. தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்த மயிலாத்தாள் மிளகுப் பால் காய்ச்சிக் கொடுத்துப் படுக்கச் சொன்னாள். மறுநாள் காலையில் அவர் காட்டுக்குப் போயிருந்தபோது நடையிலிருந்து, "தண்ணி கொண்டா மயிலா" என்று கேட்டது. அடுப்படியில் இருந்தவள் திரும்பியும் பார்க்காமல், "அதுதான் நேத்தே பால் குடிச்சுப்போட்டீங்களே" என்று பதில் சொல்லிவிட்டு மாவைக் கரைத்தாள்.

காரணத்தை யாரும் ரொம்பத் தேடவில்லை. தாராபுரத்து டாக்டர் ஒருவர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, குரல் கொஞ்சம் மெதுவாக வருகிறது, அவ்வளவுதான் என்று சொல்லி, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். மழையே சொன்ன மாதத்தில் வராமல் பிந்தி வருகிற சீமையில், ஒரு மனுசனின் குரல் ஒரு நாள் பிந்தி வந்தால் என்ன என்று ஊரும் விட்டுவிட்டது. பிழைப்புக்கு என்ன வழி என்பதுதான் கேள்வியாக இருந்தது. அதற்கும் குப்பண்ணன் ஒரு வழி சொன்னான்.

"நஞ்சண்ணா, நாளைக்கு வேணுங்கற பாட்டை இன்னிக்கே அந்த எடத்துல நின்னு பாடிப்போடுங்க. நாளைக்கு அது தானா வந்துரும். கறிக்கு முந்துன நாளே மசால் அரைச்சு வெக்கறதில்லீங்களா, அந்தமாரித்தான்."

அப்படியே செய்தார்கள். நோம்பிக்கு முந்தின நாள் நஞ்சையன் அந்தந்த ஊர்க் கோயில் வாசலுக்குப் போய், அங்கே கட்டியிருக்கிற ஆடுகளுக்கும் பந்தல் போடுகிற ஆட்களுக்கும் முன்னால் நின்று, சத்தமே வராத பாட்டைத் தொண்டை கிழியப் பாடிவிட்டு வருவார். மறுநாள் தலைப்பாகையும் சலங்கையும் கட்டி, அதே இடத்தில் நின்று, வந்துகொண்டிருக்கிற தன் குரலுக்கு வாயைப் பொருத்தி உடுக்கையடிப்பார். முதலில் சரியாக வரவில்லை. குரல் அழும்போது வாய் சிரித்தது, குரல் இழுக்கும்போது வாய் மூடிக்கொண்டது, பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். போகப்போகப் பழகிவிட்டது. மூச்சைப் பாட்டுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை என்று ஆனதும் அந்த மூச்செல்லாம் முகத்துக்கு வந்து சேர்ந்தது. கண் பேசியது, புருவம் பேசியது, கதையில் ராணி அழுகிற இடத்தில் அவர் கன்னத்தில் நிஜமாகவே தண்ணீர் இறங்கியது. அதுவரை கண்ணை மூடிக்கொண்டு அவர் பாட்டைக் கேட்டவர்கள் இப்போது கண்ணைக் கொட்டாமல் அவரைப் பார்த்தார்கள். பாட்டுக்காரர் நஞ்சையன் நடிகரானது இப்படித்தான்.

ஒரு நாளாக இருந்தது வளர்பிறை போல வளர்ந்து ஒரு வாரமாயிற்று, ஒரு மாதமாயிற்று. நாள் நட்சத்திரம் பார்த்து நோம்பி சாட்டிக்கொண்டிருந்த ஊர்கள், நஞ்சையனை முன்கூட்டியே கூட்டிவந்து பாடவைத்துவிட்டு, அவர் குரல் எப்போது வருகிறதோ அப்போது நோம்பி என்று வைத்துக்கொண்டன. கோயில் வாசலில் காவலுக்கு ஓர் ஆளைப் போட்டார்கள். அவன் "வருது, வருது" என்று தண்டோராப் போட்டதும் ஊர் குளித்து முழுகி மாவிளக்கு எடுத்தது. சாமிக்கு இதில் வருத்தமில்லை என்று பூசாரிகள் அம்மனிடம் பூப்போட்டு வாக்குக் கேட்டுச் சொன்னார்கள்.

வீட்டில் மயிலாத்தாள் இதை வேறு மாதிரி பழகிக்கொண்டாள். அவர் எதிரில் இருக்கும்போது உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். முதலில் அவர் கைச்சைகையையும் சேர்த்துப் பார்த்து, அப்புறம் சைகையில்லாமலே, ஒரு வருசத்துக்குள் அவர் உதடு பிரிவதற்கு முன்பே பதில் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள். அவர் வெளியூர் போனபின் குரல் வரும். நடையில், அடுப்படியில், கிணற்று மேட்டில், எங்கெங்கே நின்று எதையெதைச் சொன்னாரோ அங்கங்கே அது வந்து சொல்லிவிட்டுப் போகும். ரசத்துக்கு உப்புப் பத்தவில்லை என்ற சண்டை, ரசமும் மறந்து சண்டையும் மறந்த பிறகு வந்து சேரும். அவர் இருக்கும்போது வீடு ஊமையாக இருந்தது, அவர் இல்லாதபோது பேசியது. ஆரம்ப நாட்களில் நஞ்சையன் இதற்கென்றே கிளம்புவதற்கு முன் நடையில் நின்று நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார், மாதம் கழித்து அவர் எங்கோ இருக்கும்போது, "வேலை முடிஞ்சுதா கண்ணு? சித்த உக்காரு" என்று நடை சொல்லும். அவள் சித்த உட்காருவாள். பக்கத்து வீட்டுப் பாவாயி அந்த நேரம் பார்த்து வந்தால், "இரு, உங்க அண்ணன் பேசீட்டிருக்கறாரு" என்று கை காட்டுவாள்.

சென்னையிலிருந்து ஓர் இயக்குநர் இடம் பார்க்க அந்தப் பக்கம் வந்தவர், ஒரு நோம்பியில் நஞ்சையனைப் பார்த்தார். குரலுக்கும் வாய்க்கும் நடுவில் மயிரிழை இடமில்லாமல் பொருத்துகிற ஆளை அவர் சினிமாவிலேயே பார்த்ததில்லை. விசயத்தைக் குப்பண்ணன் விளக்கினான். இயக்குநர் வியப்படையவில்லை, யோசித்தார்.

"அப்போ ஷூட்டிங் நடக்கும்போது இவர் குரல் பதிவாகாது. ஒரு மாசம் கழிச்சு அதே இடத்துல வரும். அப்ப அங்கே ஷூட்டிங் கூட்டம் இருக்காது, ஜெனரேட்டர் சத்தம் இருக்காது. நான் கத்துற சத்தமும் இருக்காது. அப்படித்தானே?"

"அதேதானுங்க" என்றான் குப்பண்ணன்.

"எனக்கு இவரைக் கொடுங்க" என்றார் இயக்குநர்.

முதல் படத்தில் ஊர்த் தலைவர் வேசம். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் பஞ்சாயத்துக் காட்சியை எடுத்துவிட்டு வந்தார்கள். நாள் நெருங்கும்போது சவுண்டுக்காரர்கள் இருவர் மைக்கைக் கொண்டுபோய்த் தோப்பில் நட்டுவைத்துக் காத்திருந்து, குயில் சத்தம் பின்னணியில் கேட்கத் தெளிவாக அவர் குரலைப் பிடித்து வந்தார்கள். ஆனால் ஒரே காட்சியைப் பல தடவை எடுத்திருந்தபடியால் பல தடவையும் குரல் வந்தது. சவுண்டுக்காரர்கள் முதல் இரண்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், மிச்சத்தையெல்லாம் தோப்பில் தேங்காய் போடுகிறவர்கள் கேட்டார்கள். கிணற்றுப் பங்குக்காக வெகுகாலம் பேச்சுவார்த்தையில்லாமல் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் சேதி கேட்டு வந்து, மரத்தடியில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். "தண்ணி யாருக்கும் சொந்தமில்ல, முந்திக் காயற பயிருக்குத்தான் சொந்தம்" என்று வெற்றிடம் தீர்ப்புச் சொன்னது. இருவரும் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போய் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சினார்கள் என்று அந்தப் பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

படம் நன்றாக ஓடியது. அடுத்து படகோட்டி வேசம், அதற்கடுத்து மகளைப் பறிகொடுத்த தகப்பன், அதற்கடுத்துக் கதாநாயகனின் தாய்மாமன். பாட்டும் அவரே பாடினார். ஒவ்வொரு கேசட் அட்டையிலும் உடுக்கையோடு நிற்கும் அவர் படம் இருந்தது. பட்டணத்தில் அவரைப் பேட்டி எடுக்க வந்தவர்கள் கேள்வியைக் கேட்டுவிட்டு மைக்கை நாற்காலியில் கட்டிவைத்துப் போய்விடுவார்கள். குரல் மேலும் மேலும் பின்தங்கி வருசக் கணக்கில் போனது. படங்களும் அதற்குத் தகுந்தபடி காத்திருந்து வெளியாயின. அதனால் நஞ்சையன் நடிக்கும் படம் என்றால் அவசரப்படாமல் எடுத்த படம் என்று ஒரு மரியாதை உண்டாயிற்று.

ஊருக்கு வருவது குறைந்தது. வந்தாலும் நடையில் நின்று முன்கூட்டிப் பேசிவைக்கிற பழக்கம் விட்டுப்போயிற்று. மயிலாத்தாள் காதில் விழுந்துகொண்டிருந்ததெல்லாம் வருசங்களுக்கு முந்தைய மனுசன் பேசினது. அந்த மனுசனோடுதான் அவள் குடித்தனம் நடத்தினாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

அவர்களுக்குக் குழந்தையில்லை. கல்யாணமாகி வருசங்கள் ஓடியபின் ஊர் அதற்கு ஒரு பேர் வைத்தது, அந்தப் பேரை மயிலாத்தாளின் தலையில் வைத்தது. நேரில் யாரும் சொல்லவில்லை, சொல்லாமலே செய்தார்கள். வளைகாப்பு என்றால் அவளுக்குச் சேதி வராது. வந்தாலும் சாப்பாட்டுக்குத்தான் வரும். மணப்பெண்ணுக்குப் பூ வைக்கிற வரிசையில் அவள் முறை வரும்போது யாராவது ஒருத்தி குறுக்கே வந்து வேறு வேலை சொல்லுவாள். மயிலாத்தாள் அந்த வேறு வேலையைப் போய்ச் செய்வாள்.

சென்னையில், உடன் நடிக்கிற ஒருவர் கூட்டிப்போக, நஞ்சையன் ஒரு பெரிய டாக்டரிடம் போனார். டாக்டர் கேட்டதற்கெல்லாம் அவர் சொன்ன பதில்கள் அந்த நாற்காலியிலேயே கிடந்தன. சோதனைக்குப் பதில் தேவைப்படவில்லை. குறை அவரிடம்தான் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். நஞ்சையன் தலையாட்டினார். அங்கிருந்து நேராகப் படப்பிடிப்புக்குப் போய், ஏழு பிள்ளை பெற்ற தகப்பனாக நடித்தார். அன்றைக்கு எடுத்த காட்சிக்கு அவருக்கு ஒரு விருது கிடைத்தது. மயிலாத்தாளிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. வருசம் ஓடியது.

அப்புறம் நஞ்சையனின் தம்பி மகளுக்கு வளைகாப்பு வந்தது. சொந்த வீட்டு விசேசம் என்பதால் மயிலாத்தாள் பச்சைப் பட்டுக் கட்டி, கைநிறையக் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு போனாள். நஞ்சையனும் ஊருக்கு வந்திருந்தார், வெளிப்பந்தலில் ஆட்கள் அவரைச் சுற்றி நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெரியத்தை, அதாவது நஞ்சையனின் அப்பாவோடு பிறந்தவள், வளையல் தட்டோடு நெருங்கிய மயிலாத்தாளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ சித்தத் தள்ளி நில்லு மயிலாத்தா. முதப் புள்ள. எதுக்கு?"

மயிலாத்தாள் தட்டைப் பாவாயியிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து, பந்தலைத் தாண்டி, வீட்டுக்கு வந்து, பட்டுச் சேலையை மாற்றாமலே கட்டுத்தரையில் உட்கார்ந்து எருமையைக் கறக்க ஆரம்பித்தாள். பின்னாலேயே நஞ்சையன் வந்தார். அவள் முதுகைத்தான் பார்க்க முடிந்தது. செம்பில் பால் விழுகிற சத்தம் கேட்டது. அவர் தூணுக்குப் பக்கத்தில் நின்று அந்த முதுகுக்கு ஏதோ சொன்னார். நிழல் அசைவதைப் பார்த்து மயிலாத்தாள் திரும்பியபோது வாய் மூடியிருந்தது.

"என்னமோ சொன்னீங்க."

அவர் ஒன்றுமில்லை என்று கையை விரித்தார். அன்று சாயங்கால பஸ்ஸிலேயே சென்னைக்குப் போய்விட்டார்.

தூணுக்குப் பக்கத்தில் ஏதோ சொல்லி வைக்கப்பட்டிருக்கிறது என்பது மயிலாத்தாளுக்குத் தெரியும். என்ன என்பது தெரியாது. இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளப்போவதைச் சொல்லியிருப்பார் என்று நினைத்தாள். பட்டணத்தில் நடிகை ஒருத்தியின் பேரும் அப்போது அடிபட்டுக்கொண்டிருந்தது. காலையும் மாலையும் எருமையைக் கறக்கும்போது அந்தத் தூண் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஒருநாள் உட்காரும் பக்கத்தை மாற்றிப் பார்த்தாள், எருமை உதைத்தது. பழையபடியே உட்கார்ந்தாள். யாரிடமும் சொல்லவில்லை, பாவாயியிடம்கூட.

நஞ்சையன் ஒரு கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருந்தார். குரல் வந்து சேர மூன்று வருசத்துக்குக் கிட்ட ஆகும். அப்போது தான் எங்கோ பெரிய நடிகராகத் தூரத்தில் இருப்போம், அவள் கட்டுத்தரையில் தனியாக இருந்து கேட்டுக்கொள்வாள், அழுவதோ திட்டுவதோ அவள் பாடு, தன் காதுக்கு வராது. ஆனால் சினிமா அவரிடம் கேட்டுக்கொண்டு மாறவில்லை. எடுக்கும்போதே குரலையும் சேர்த்துப் பிடிக்கிற முறை வந்தது. கேமரா ஓடும்போது பேசாத நடிகர் யாருக்கும் வேண்டாமென்று ஆயிற்று. அவரைக் கண்டுபிடித்த இயக்குநர் ஒருநாள் கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, "இப்ப எல்லாம் உடனே வேணும்ங்கறாங்க ஐயா" என்றார். நஞ்சையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார்.

மயிலாத்தாள் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். இன்னொருத்தி யாரும் பின்னால் இறங்கவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டாள். அப்படியானால் தூணில் இருப்பது என்ன என்பது அவளுக்கு இன்னும் குழப்பமாயிற்று.

வந்த நாளிலிருந்து நஞ்சையன் நிலைகொள்ளாமல் இருந்தார். தன் வார்த்தை தன்னைத் தேடி வந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியும். எந்த நாள் என்பது மட்டும் தெரியாது. கட்டுத்தரையை இடித்துவிடலாம் என்று கடப்பாரையை எடுத்தார். "அட உடுங்கண்ணா, பந்தலைப் பிரிச்ச பொறவும் உங்க பாட்டு வந்துதில்லீங்களா. அது காத்துல நிக்கறது, செவுத்துல இல்ல" என்று குப்பண்ணன் ஞாபகப்படுத்தினான். மனைவியைப் பழனிக்குக் கூப்பிட்டார். எருமை சினையாக இருக்கிறது, விட்டுவிட்டு வரமுடியாது என்றாள். எருமையையே விற்றுவிடலாமா என்று உதட்டால் கேட்டார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதோடு விட்டுவிட்டார்.

கடைசியில், மாகாளியம்மனுக்கு ஒரு வேண்டுதல் இருப்பதாகச் சைகையில் சொல்லி, குப்பண்ணனின் ஆட்களைக் கூட்டிவந்து, கட்டுத்தரைக்கு எதிரிலேயே காலையிலிருந்து பொழுது இறங்கும் வரை பம்பையும் உறுமியும் அடிக்க வைத்தார். தானும் உடுக்கையோடு நின்றார். தினமும் அடித்தார்கள். கோழி முட்டையிடுவதை நிறுத்தியது. பாவாயி காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். ஊர், வேண்டுதல்தானே என்று பொறுத்துக்கொண்டது. சும்மா பொறுத்துக்கொள்வானேன் என்று மேளம் முடியும் கடைசி நாளில் ஊருக்கே சாப்பாடு என்றும் ஆக்கிக்கொண்டது. அன்று எல்லோரும் வாசலில் வரிசையாக இலை போட்டு உட்கார்ந்தார்கள். பெரியத்தை முதல் இலையில் உட்கார்ந்தாள். பம்பைக்காரர்களும் கைகழுவி உட்கார்ந்தார்கள். நஞ்சையன் அடிக்கச் சொல்லிக் கையைக் கையை ஆட்டினார். "சோத்துக்கு முன்னால என்னங்கண்ணா மேளம், ஒரு வாய் தின்னுபோட்டு அடிக்கறோம்" என்றான் குப்பண்ணன். ஊரே வாயில் சோற்றை வைத்து அமைதியான அந்தச் சமயத்தில் தூணுக்குப் பக்கத்திலிருந்து நஞ்சையனின் குரல் வந்தது.

"மயிலா. கொறை உன்ற மேல இல்ல. என்ற மேலதான். மெட்ராஸ்ல பெரிய டாக்டர் பாத்துச் சொல்லிப்போட்டாரு, வெகுநாளாச்சு. உனக்குச் சொல்லத் தெகிரியமில்ல. ஊரு உன்னையச் சொல்றப்பெல்லாம் நான் வாய மூடிட்டே இருந்தேன். இதை நீ கேக்கறப்ப நான் இங்க இருக்கமாட்டேன்."

அவர் அங்கேதான் இருந்தார், கையில் உடுக்கையோடு.

யாரும் மெல்லவில்லை. எருமை ஒருதரம் தலையை ஆட்டியது. மயிலாத்தாள் ரச வாளியோடு பந்தியின் நடுவில் நின்றிருந்தாள். இத்தனை வருசமும் தான் போய்ச் செய்த வேறு வேலைகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. கழுவின பாத்திரங்கள், அரிந்த காய், மடித்த பாய். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையின் தலைக்கு வந்தாள்.

"பெரியத்தை, ரசம் ஊத்தட்டுங்களா?"

கிழவி தலையைத் தூக்காமல் இலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மயிலாத்தாள் ஊற்றினாள். அடுத்த இலைக்கு ஊற்றினாள். கடைசி இலை வரை யாருக்கும் விட்டுப்போகாமல் ஊற்றிவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்து, கட்டுத்தரைக்கு வந்தாள். நஞ்சையன் ஓடிவந்து எதிரில் நின்று வாயைத் திறந்தார். அவள் திரும்பி முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"சொல்றதச் சொல்லுங்க. வர்றப்பக் கேட்டுக்கறேன்."

அவர் அந்த முதுகைப் பார்த்து வெகுநேரம் பேசினார். கையைக் கூப்பினார், மார்பில் அடித்துக்கொண்டார், மண்டியிட்டார். பந்தியிலிருந்து பார்த்தவர்கள், சத்தமில்லாத சினிமாவைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள். அவர் முடித்ததும் மயிலாத்தாள் எச்சில் இலை எடுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலையிலேயே தெருவின் மறுகோடியிலிருந்து ஒருத்தி வெற்றிலை பாக்கு மஞ்சளோடு வந்து மகளின் வளைகாப்புக்குச் சொன்னாள். அதற்கடுத்த வாரம் இன்னொருத்தி. ஊர் தன் தப்பைத் தப்பென்று வாய்விட்டுச் சொல்லவில்லை. நடந்தது எதுவும் நடக்காத மாதிரி அவளை வரிசையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. நாளாக ஆக, மயிலாத்தாள் கையால் முதல் வளையல் போட்டால்தான் பிரசவம் சுகமாக ஆகும் என்று வேறு ஒரு பேச்சு உண்டாகி, வெளியூரிலிருந்தெல்லாம் கூப்பிட வந்தார்கள். அதே கைதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் போனாள். அவளுக்குப் போகப் பிடித்திருந்தது. சின்னப் பெண்களின் கையைத் தடவி, எலும்பை ஒடுக்கி, வலிக்காமல் வளையலை ஏற்றுவதில் அவளுக்கு ஒரு லாவகம் கூடியிருந்தது.

நஞ்சையனின் முகத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், காய்ச்சல் வந்தபோது கசாயம் வைத்துக் கொடுத்தாள்; எல்லாவற்றையும் கழுத்துக்குக் கீழே பார்த்தே செய்தாள். அவர் என்ன கேட்டாலும் அவளுக்குத் தெரியாது. பசி என்றால் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். விருதும் கேசட்டும் வாங்கின நடிகர், ஒரே ஒரு ஆள் பார்க்காததால், தன் வீட்டில் ஊமையாகவே இருந்தார். பொழுதுபோகாமல் குப்பண்ணனின் செட்டுக்கு உடுக்கையடிக்கப் போனார். சில ஊர்களில் அவர் நடிகராக இருந்த கடைசி வருசங்களில் வந்து பாடிவைத்த பாட்டுகள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தன. பேரோடு இருந்த காலத்து அந்தக் குரலுக்குத் தன் வாயைப் பொருத்த வெட்கப்பட்டு, ஓரமாக உட்கார்ந்து தாளம் மட்டும் போட்டார்.

நாலு வருசம் போல ஆகியிருக்கும். மயிலாத்தாள் வெள்ளக்கோயில் பக்கம் ஒரு வளைகாப்பில் இருந்தாள். மடியில் இருந்த செல்போன் அடித்தது. பாவாயி.

"அக்கா, வந்துருச்சுக்கா! கட்டுத்தரையில அண்ணன் பேசறாரு! அன்னிக்குச் சொன்னது! இரு, போனை அங்க நீட்டறேன், நீயே கேளு!"

"வேண்டாம் பாவாயி. வெச்சுரு. இங்க இன்னும் ஏழெட்டுப் பேரு பாக்கி."

போனை அமர்த்தி மடியில் சொருகிவிட்டு, எதிரே நீட்டியிருந்த கையை எடுத்து, அடுத்த வளையலை ஏற்றினாள்.

சாயங்காலம் பஸ் இறங்கி வரும்போது பாவாயி வழியிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னமா பேசுனாருங்கற! ஏழு சென்மம்ங்கறாரு, சாமி சாட்சிங்கறாரு, உன்ற கால் தூசுங்கறாரு. அந்தத் தகப்பன் வேசத்துல அழுவாரல்லோ, அதே கொரலு. எனக்கே கண்ணுல தண்ணி வந்துபோட்டுது போ."

"அவரு எங்கிருந்தாரு?"

"அங்கியேதான், தண்ணித் தொட்டி மேல உக்காந்திருந்தாரு. கேக்கக் கேக்கத் தலையத் தொங்கப்போட்டுட்டாரு. இன்னும் நிமுரல."

மயிலாத்தாள் கால் கழுவி, பையை நடையில் வைத்துவிட்டுக் கட்டுத்தரைக்குப் போனாள். அவர் பாவாயி சொன்ன மாதிரியே உட்கார்ந்திருந்தார். முன்மயிர் முழுக்க நரைத்திருந்தது. அவளுக்கு அது புதிதாக இருந்தது. எதிரில் கிடந்த உரலின் மேல் உட்கார்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இப்பச் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்தார். அவள் கண் தன் வாயின் மேல் இருப்பதைப் பார்த்தார். கையைத் தூக்கவில்லை, மார்பைத் தொடவில்லை. குரல் வந்த இடத்தைக் காட்டி, அது நடிப்பு என்று உதட்டால் சொன்னார். தெரியும் என்று அவள் தலையாட்டினாள். பிறகு மூன்றே சொல் சொன்னார். நாஞ் செஞ்சது தப்பு. அவள் அதை உதட்டிலிருந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்துக்கொண்டாள்.

"ம்" என்றாள். பிறகு, "எருமைக்குப் புண்ணாக்கு ஊற வெச்சீங்களா?" என்று கேட்டாள். அவர் வைத்தேன் என்றார். இருவரும் எழுந்து போய் எருமையைக் கறந்தார்கள், அவள் கறக்க, அவர் எதிரில் உட்கார்ந்து கன்றைப் பிடித்துக்கொண்டார்.

அந்த மூன்று சொல் கட்டுத்தரையில் ஒலித்தபோது மேலும் பல வருசங்கள் கழிந்திருந்தன. நஞ்சையன் அப்போது உயிரோடு இல்லை. பாவாயியின் மருமகள் சாணி எடுக்க வந்தவள் அதைக் கேட்டுவிட்டு, கையை உதறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவந்து, "பெரியம்மா, பெரியப்பா என்னமோ சொல்றாருங்க, ஓடி வாங்க" என்றாள்.

மயிலாத்தாள் நெல்லைப் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை ஒருதரம் தட்டி, உமியை ஊதிவிட்டு, "அது எனக்கு அன்னிக்கே வந்துருச்சு கண்ணு" என்றாள்.